இருநூற்றுப் பதினான்கு லிஃப்ட்டும் ஒரு தலையும்

பிப்ரவரி 2, திங்கள்

இந்த நோட்டில் நான் எழுதப்போகும் கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை என்று, மாவுக்கட்டில் இருக்கும் என் வலது காலின் மீது ஆணையாக, முதலிலேயே உறுதி கூறிவிடுகிறேன்.

கோயம்புத்தூரிலும் சுற்றுவட்டாரத்திலும் எங்கள் கம்பெனி பராமரிக்கும் லிஃப்ட்டுகள் இருநூற்றுப் பதினான்கு. அவற்றில் பாதி, நஞ்சப்பன் என்று என் பெயரைச் சொன்னாலே தானாகக் கதவைத் திறக்கும். மீதிப் பாதி வெட்கப்பட்டு நிற்கும். முப்பத்தொரு வருட மெக்கானிக் என்றால் சும்மாவா. இந்தக் கால்கூட, பதினோராவது மாடியிலிருந்து கயிறு அறுந்து வந்த லிஃப்ட்டை ஒற்றையாகத் தாங்கிப் பிடித்ததில் முறிந்ததுதான். பாத்ரூம், சோப்பு என்று என் சம்சாரம் சுலோச்சனா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவது வெறும் பொறாமை.

கட்டுப் பிரிக்கும்வரை எனக்கு ஆபீசில் உட்காருகிற வேலை. இன்று காலை சர்வீஸ் மேனேஜர் கௌசல்யா கூப்பிட்டார். வயதில் எனக்கு மகள் மாதிரி, அதட்டலில் மாமியார் மாதிரி.

"இஸ்மாயில் பாய் ஹஜ்ஜுக்குப் போறாருங்ணா. குலுக்கல்ல பேரு வந்து ஆறு மாசம் ஆச்சாம். இன்னைக்குத்தான் வாயத் தொறக்கறாரு. மே மாசம் நாப்பது நாள் லீவு வேணுமாம்."

"குடுத்துருங்க மேடம்."

"நான் குடுத்துருவேன். சென்னை ஆபீஸ் குடுக்காது. பாதி லிஃப்ட்டோட சூட்சுமம் அவரு தலைக்குள்ளதான் இருக்குது. அது ஏப்ரலுக்குள்ள எல்லாரும் பார்க்கற மாதிரி ஒரு வெப்சைட்ல வந்துட்டா லீவு, இல்லைன்னா இல்லைங்கறாங்க. அந்த வெப்சைட்டை நீங்கதான் கட்டறீங்க."

"எனக்குக் கம்ப்யூட்டர்ல சீட்டாடத்தான் மேடம் தெரியும்."

"நம்ம டீமுக்கு மட்டும்தாங்ணா. பாஸ்வேர்டு போட்டு உள்ள வந்து படிக்கறது. பொத்தானை அமுக்குனா ஒரு பக்கம் வரும், எழுத வேண்டியதுதான். தினம் என்ன செஞ்சீங்கன்னு ஒரு நோட்டுலயும் எழுதி வைங்க. சென்னைக்குக் காட்டணும்."

ஆகவே, சென்னை ஆபீஸ் பெருமக்களே, வணக்கம்.

பிப்ரவரி 4

இஸ்மாயில் பாயைப் பற்றி ஒரு வார்த்தை. என்னைவிட இரண்டு வயது சின்னவர். எட்டு மெக்கானிக்குகளில் யாருக்கு எங்கே லிஃப்ட் நின்றாலும் கை தானாக அவர் நம்பரை அழுத்தும். அவரும் பாதிச் சோற்றில் எழுந்து பதில் சொல்வார். ஹஜ்ஜுக்கு நான்கு முறை மனுப்போட்டு ஐந்தாவதில் பெயர் வந்திருக்கிறது, அவருக்கும் அவர் வீட்டம்மா ரஹ்மத்துக்கும் சேர்த்து. இந்த முறை விட்டால் மறுபடி குலுக்கல். ரஹ்மத்தம்மாவின் முழங்கால் இன்னும் எத்தனை குலுக்கலுக்குத் தாங்கும் என்று தெரியாது.

இன்று வெப்சைட்டைக் கட்டி முடித்தேன். தாஜ்மகாலுக்கு இருபத்திரண்டு வருடம் ஆனதாம். எனக்கு இருபத்திரண்டு நிமிடம். முகப்பில் வாழைமரம், தோரணம், 'வருக வருக', நடுவில் கிரீடம் வைத்த என் படம்.

கௌசல்யா மதியத்துக்குள் எல்லாவற்றையும் அழித்துவிட்டார். வாழைமரத்தையாவது விட்டிருக்கலாம்.

பிப்ரவரி 9

எழுதியவர்கள்: பூஜ்யம். படித்தவர்கள்: நான், மூன்று முறை.

பிப்ரவரி 12

நான்கு மணிக்கு ஆபீஸ் எதிரே பேக்கரியில் எல்லோரும் டீக்குக் கூடுவோம். அங்கே மட்டும் நம் ஆட்கள் வாயில் அறிவு அருவியாகக் கொட்டும். எந்த அப்பார்ட்மெண்டில் எந்த ரிலே சுவிட்ச் மழைக்காலத்தில் ஒட்டிக்கொள்ளும், எந்தத் துணிக்கடையில் கதவு எதனால் உதறும், எல்லாம் வரும். "இதையே எழுதிக் கொடுங்கடா" என்றால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அவசர வேலை வந்துவிடுகிறது.

விக்டர் அமலன் இருபது வருட அனுபவசாலி. பிரேக் விஷயத்தில் அவரை அசைக்க ஆளில்லை. அவர் சொன்ன காரணம்: "எனக்குக் கையெழுத்து நல்லா இருக்காதுங்ணா."

"அட, தட்டச்சுத்தானப்பா."

"அதுலயும் நல்லா இருக்காதுங்."

பாயிடமும் கேட்டேன். தேங்காய் பன்னைப் பாதியாகப் பிய்த்து எனக்குக் கொடுத்துவிட்டு, "எழுதுனா நானே என்னைப் பெருமையடிச்சுக்கற மாதிரி இருக்குமேண்ணா" என்றார். இந்த மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

பிப்ரவரி 17

இன்று என் மூளையில் ஒரு மின்னல் அடித்தது. வெளிச்சத்தில் பக்கத்து ஆபீஸ்காரர்கள் ஜன்னலை மூடிக்கொண்டார்கள்.

தெரிந்ததை எழுது என்றால் எழுதமாட்டான் மெக்கானிக். ஆனால் தன் பெயரில் ஒருவன் தப்பாக எழுதிவிட்டால் அவனால் உட்கார முடியுமா? ஆகவே ஒரு பக்கம் எழுதினேன். தலைப்பு: 'விக்டர் அமலனின் பிரேக் வைத்தியம்.' உள்ளே: 'லிஃப்ட் பிரேக் கிரீச்சிட்டால் விக்டர் அண்ணன் சுத்தமான தேங்காயெண்ணெய் ஒரு கரண்டி விடுவார். தாளித்துவிட்டால் இன்னும் விசேஷம்.'

பிரேக்கில் எண்ணெய் விடுவது எங்கள் தொழிலில் கொலைபாதகம். அது ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கும் தெரியும். டீ நேரத்தில் விக்டரின் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து, "பார்த்தாச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பன்னைக் கடித்தேன்.

பிப்ரவரி 18

விக்டர் காலை எட்டரைக்கே வந்துவிட்டார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"பிரேக்குக்கு எண்ணெயா? நானா? ஊரு என்னைய என்னன்னு நினைக்கும்?"

"அப்ப என்ன பண்ணணுமுங்க?"

"நகருங்ணா அக்கட்டால."

என் நாற்காலியைப் பறித்துக்கொண்டு, இரண்டே விரலால், இருபத்திரண்டு வரி. லைனிங் எப்போது தேயும், டிரம்மில் பளபளப்பு வந்தால் எதைத் தேய்க்க வேண்டும், இடைவெளி எத்தனை, எல்லாம். முடித்துவிட்டு என் பொய்யை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். அழிக்கும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு சாந்தி.

கௌசல்யா கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்த மாதிரி இருந்தது. நிச்சயமாகத் தெரியாது. அது வரலாற்றில் அதிகம் பதிவாகாத நிகழ்வு.

மார்ச் 3

பொய் சாகுபடி அமோகம். நான் ஒரு மூட்டை விதைத்தால் ஏழு பேர் வந்து உண்மையை அறுவடை செய்து கொடுக்கிறார்கள். நூற்றுப் பதினோரு பக்கம் தயார். தரணிதரனுக்கு வேலையில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. கட்டிக்கொண்ட மனைவியைவிட வெப்சைட்டைத்தான் அதிகம் பார்க்கிறான் என்று அந்தப் பெண்ணே ஆபீசுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவள் நிஜமாகச் சொன்னது, 'ஏதோ படிக்கறாருங்' என்பது. சாரம் ஒன்றுதான்.

ஆனால் பாயின் நூற்றுமூன்று லிஃப்ட்டுகள் அப்படியே கிடக்கின்றன. அவரைப் பற்றி எத்தனை எழுதியும் பயனில்லை. 'பாய் ஊதினால் மோட்டார் சுற்றும்' என்றேன். 'செருப்பைக் காட்டினால் ரிலே பயந்து சேரும்' என்றேன். கல்யாண மண்டபத்து லிஃப்ட்டுக்கு, 'மூன்றாவது மாடியில் நின்றுவிட்டால், கீழ்க் கதவை மூன்று முறை திறந்து மூடி, பணிவாகக் கும்பிட்டால் இறங்கி வரும் என்பது இஸ்மாயில் பாய் கண்ட உண்மை' என்று ஒரு பக்கமே போட்டேன்.

நோன்பு மாதம். பேக்கரிக்கு வருகிறார், டீ குடிக்காமல் எங்களோடு நிற்கிறார். இன்று என் போனை வாங்கி மூன்றையும் நிதானமாகப் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்ணா."

"தப்பா இருக்குதுங்ளே பாய்?"

"எழுதுனவங்க மனசு நோகக் கூடாதுல்ல."

யாரையும் மறுத்துப் பேசி அறியாத மனிதரைப் பொய் சொல்லி வீழ்த்த முடியாது. என் ஆயுதசாலையில் வேறு ஆயுதமும் இல்லை.

மார்ச் 15, ஞாயிறு

இன்று நடந்ததைச் சுருக்கமாக எழுதிவிட்டு எழுந்துவிடப் பார்க்கிறேன்.

அதே மண்டபத்தில் முகூர்த்தம். பதினோரு மணிக்கு லிஃப்ட் மூன்றாவது மாடியில் நின்றுவிட்டது. உள்ளே சமையல் மாஸ்டர் ஒருவர், கூட ஓர் அண்டா பால் பாயசம். டியூட்டியில் தரணிதரன். பையன் பொறுப்பாக வெப்சைட்டைத் திறந்திருக்கிறான்.

பொறுப்பாகக் கீழ்க் கதவை மூன்று முறை திறந்து மூடியிருக்கிறான். பொறுப்பாகக் கும்பிட்டிருக்கிறான். அதைப் பார்த்துப் பெண்ணின் தாய்மாமனும் ஏதோ சம்பிரதாயம் என்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டாராம். பிறகு சம்பந்தி வீட்டார். நாற்பது நிமிடம்.

பிறகு பாய்க்குப் போன். பாய் போனிலேயே இறக்கிவிட்டார். மாஸ்டர் வெளியே வந்தபோது அண்டாவில் கால்வாசி குறைந்திருந்ததாம். பயத்தில் குடித்துவிட்டேன் என்றாராம்.

மார்ச் 16

கௌசல்யா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"சிரிக்கற மாதிரி முடிஞ்சதால தப்பிச்சோம்ணா. உள்ளே ஒரு இருதய நோயாளி இருந்திருந்தா?"

நான் முதலில் அந்த மண்டபத்துப் பக்கத்தை அழித்தேன்.

"உங்க பொய்யிலதான் பாதி வெப்சைட் நிறைஞ்சுது, மறுக்கல. ஆனா இத படிக்கறவன் நம்பித்தான் படிக்கறான். மிச்சமிருக்கற பொய்யெல்லாம் இன்னைக்கே எடுத்துருங்க. ஏப்ரல் எட்டு சென்னையில இருந்து ஆள் வர்றாரு."

முப்பத்தாறு பொய்களை என் கையாலேயே அழித்தேன். பெற்ற பிள்ளைகள் மாதிரி.

தரணியிடம் மன்னிப்பு கேட்கப் போனேன். "பரவால்லீங்ணா. நாந்தான் சரியா பணிவா கும்பிடலயோன்னு நினைச்சுட்டிருந்தேன்" என்றான். கேலியா, நிஜமா என்று இன்னும் புரியவில்லை.

மார்ச் 17

தரணி நேற்று சொல்ல வந்ததை நான் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். இன்று காலை அவனே வந்தான்.

"அண்ணா, நேத்து சொல்ல வந்தேன். பாய் போன்ல சொன்னத ஆபீஸ் போன் ரெக்கார்டு பண்ணியிருக்குதுங். கேக்கறீங்ளா?"

கேட்டோம். நான், கௌசல்யா, தரணி.

பாயின் குரல். அவசரமே இல்லை. "தம்பி, முதல்ல உள்ள இருக்கறவரு பேரு கேளுங்க. பேரு சொல்லிக் கூப்பிட்டுட்டே இருங்க, பயம் போயிரும். கேட்டாச்சா? இப்ப மேல மோட்டார் ரூமுக்குப் போயி மெயினை ஆஃப் பண்ணுங்க. ஆஃப் பண்ணிட்டு எனக்குச் சொல்லுங்க. சொன்னாத்தான் அடுத்தது..." அப்படியே போய்க் கடைசியில், "மூணாவது மாடில சாப்பாட்டுக் கூடம். அப்பளம் பொரிக்கற எண்ணெய்ப் புகை கதவு லாக்குல படிஞ்சுரும், தொடர்பு விட்டுரும். ஸ்பிரிட் போட்டுத் தொடைச்சு விடுங்க. ஒவ்வொரு முகூர்த்த மாசம் முடிஞ்சதும் தொடைக்கணும்."

முன்னுரை, நடு, முடிவுரை. ஒரு பக்கம், தயாராக.

நான்கு வருடத்துக்கு முன் ஆபீஸ் எங்கள் ஒவ்வொருவருக்கும் கொடுத்த போன்கள் எல்லா அழைப்பையும் தானாகப் பதிவு செய்யும். வாடிக்கையாளர் புகார் வந்தால் பார்ப்பதற்காக வைத்தது, இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நான்கு வருடமாக எட்டு மெக்கானிக்குகளும் எதையும் எழுதாமல் பாயைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேட்டதெல்லாம் எட்டுப் போன்களுக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

கௌசல்யா முதலில் பாயைக் கூப்பிட்டு அனுமதி கேட்டார். பாய் ஒரு பதிவைக் கேட்டார். காதைப் போனில் வைத்து, தலையை ஆட்டி ஆட்டி.

"இந்த ஆளு நல்லாத்தான் சொல்றாரு" என்றார். அப்புறம் வெட்கப்பட்டுப் போய்விட்டார்.

மார்ச் 21

ரம்ஜான். பாய் வீட்டு பிரியாணி. வெப்சைட் வேலை நடைபெறவில்லை. வயிறும் நடைபெறும் நிலையில் இல்லை.

மார்ச் 26

ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் அழைப்பு. தரணியும் விக்டரும் நானும் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறோம், எழுதுகிறோம். என் காது இப்போது யானைக்காது அளவு வீங்கியிருக்கிறது. ஆபீசுக்கு விசிறியே தேவைப்படவில்லை.

இன்று கௌசல்யா எந்த நம்பரிலிருந்து எத்தனை அழைப்பு என்று பிரித்துப் பார்த்தார்.

"ஒரே ஒரு நம்பர்ல இருந்து மட்டும் எழுநூத்திப் பத்துங்ணா."

"யாரோ புதுப் பையனா இருக்கும் மேடம்."

"முப்பத்தொரு வருச சர்வீஸ்காரரு."

தொழிலின் மானம் கருதி அந்த மூத்த மெக்கானிக்கின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவர் அழைப்புகளை மட்டும் தனியாக எனக்கே ஒதுக்கிவிட்டார் கௌசல்யா. கேட்டேன். பாவம், நல்ல மனிதர். முதல் வருடத்தில், "பாய், அந்த மூணாவது ரிலே எந்தப் பக்கம்?" என்கிறார். பாய் சொல்கிறார். பிறகு பேக்கரியில் அதே விஷயத்தைத் தானே கண்டுபிடித்த மாதிரி பேசியிருப்பார் என்று நினைக்கிறேன். கடைசி வருடத்தில் லிஃப்ட் பேச்சே குறைந்துவிடுகிறது. கால் முறிந்து படுத்த வாரத்தில் பதினாறு அழைப்பு. "என்ன பாய், எந்தப் பக்கம் இருக்கீங்க?" "பீளமேடுங்ணா." "சரி, சரி, சும்மாதான்." அவ்வளவுதான்.

அந்தப் பதினாறை மட்டும் வெப்சைட்டில் ஏற்றவில்லை. உபயோகமான தகவல் எதுவும் இல்லை.

ஏப்ரல் 2

மாவுக்கட்டு பிரித்தாயிற்று. டாக்டர் சுலோச்சனாவைப் பார்த்து, "பாத்ரூம்ல ரப்பர் விரிப்புப் போடுங்கம்மா" என்றார். ஊரே சதி.

ஏப்ரல் 8

சென்னையிலிருந்து சுதர்சனம் என்பவர் வந்தார். சிரிப்பைத் தலைமை அலுவலகத்திலேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்திருப்பார் போல. வந்ததும் பாயின் போனை வாங்கி, அணைத்து, மேஜையில் வைத்தார்.

"இன்னைக்கு ஒரு நாள் இவர் இல்லைன்னு வெச்சுக்குங்க. பார்ப்போம்."

பாய் மூலை நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு முன்னால் லீவு விண்ணப்பக் காகிதம், கையெழுத்துக்குக் காத்திருந்தது. காலை போயிற்று. மூன்று சின்னச் சின்ன அழைப்பு, ஆட்களே சரி செய்துவிட்டார்கள். இப்படியே போய்விட்டால் நல்லது என்று நான் நினைத்த நிமிடம், ஒரு கண் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது. பாயின் லிஃப்ட். பழையது, முசுடு. உள்ளே அன்றுதான் கண்ணில் அறுவை முடித்து, கட்டுப் போட்ட ஒரு பெரியவர்.

போனது தரணி. கௌசல்யா போனை ஸ்பீக்கரில் போட்டார். பாய் எழுந்துவிட்டார். சுதர்சனம் அவரைப் பார்த்துக் கையமர்த்தினார். பாய் நின்றுகொண்டே தன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

தரணியின் குரல் கேட்டது. "ஐயா, உங்க பேரென்னங்? காளியப்பனா? காளியப்பய்யா, நான் வெளியதான் நிக்கறேன். மேல போயிட்டு வந்துர்றேன், எங்கூட வந்த கூட்டாளி உங்ககூடப் பேசிட்டே இருப்பாரு." அப்புறம் படியேறும் சத்தம். "மெயின் ஆஃப் பண்ணிட்டேனுங் மேடம்." அப்புறம் ஒவ்வொரு படியாக. வெப்சைட்டில் பாய் சொன்ன அதே வரிசை, கிட்டத்தட்ட அதே வார்த்தை. பாயின் உதடுகள் கூடவே அசைந்தன, ஒரு வார்த்தைகூட முந்தாமல்.

பதினெட்டு நிமிடத்தில் கதவு திறந்தது. ஸ்பீக்கரில் பெரியவர் கேட்டார், "ஏந்தம்பி, என்னயப் பேரு சொல்லிக் கூப்புடணும்னு உனக்கு ஆரு சொல்லிக் குடுத்தா?"

"எங்க இஸ்மாயில் பாயிங்."

சுதர்சனம் பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு, "அந்த வெப்சைட்டோட பாஸ்வேர்டு கொஞ்சம் குடுங்க. மதுரை பிராஞ்சுக்கும் வேணும்" என்றார்.

நான் கண்ணைத் துடைத்ததாக விக்டர் சொல்லித் திரிகிறார். பேனா மை தெறித்தது.

மே 5

பாயையும் ரஹ்மத்தம்மாவையும் காலை ரயிலில் ஏற்றிவிட்டோம். சென்னை போய், அங்கிருந்து விமானம். எட்டு மெக்கானிக்கும் வந்திருந்தோம். அந்த நேரத்தில் கோயம்புத்தூரில் லிஃப்ட் நின்றிருந்தால் கடவுள்தான் துணை.

"அங்க போயிப் போனை அணைச்சு வெச்சுருங்க பாய்" என்றேன்.

"சரிங்ணா" என்றார். மறுத்துப் பேசத்தான் தெரியாதே.

மே 14

எல்லா லிஃப்ட்டும் ஓடுகிறது.

மே 23, சனி

மதியம் போன் வந்தது. நீளமான வெளிநாட்டு நம்பர்.

"ஏனுங்ணா, நல்லா இருக்கீங்ளா? பதினெட்டு நாளா அந்தப் போனை அணைச்சே வெச்சிருக்கறேன், யாரெல்லாம் கூப்புட்டுப் பார்த்தீங்ளோ. எல்லாம் சரியா ஓடுதுங்ளா?"

ஓடுகிறது. எல்லாம் மிகச் சரியாக ஓடுகிறது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் குரலில் ஏதோ ஒன்று தடுத்தது. இருபத்தாறு வருடம் பாதிச் சோற்றில் எழுந்த மனிதர்.

"ஓடறதா? பாய், நீங்க ரயில் ஏறுன அன்னைக்கே இருநூத்திப் பதினாலும் ஸ்ட்ரைக். ஒரு லிஃப்ட் மோட்டார் ரூம் கதவைத் தாழ் போட்டுட்டு உண்ணாவிரதம் உக்காந்துருச்சு. ஜனங்க மூணாவது மாடிக்கு ஏணி போட்டு ஏர்றாங்க. நாலாவது மாடிக்காரங்க கூடை கட்டிக் காய்கறி ஏத்தறாங்க, அதுலயே மாமியாரை ஏத்துனவங்களும் உண்டு."

அந்தப் பக்கம் சிரிப்பு. ரஹ்மத்தம்மாவின் சிரிப்பும் சேர்ந்து கேட்டது.

"தரணி எப்படிங்ணா?"

"நரைச்சுப் போச்சு. விக்டர் பிரேக்கைக் கட்டிப் புடிச்சுட்டு அழுகறாரு. கௌசல்யா மேடம் நேத்து நம்ம வெப்சைட்டுக்குப் பூசணிக்காய் சுத்திப் போட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. நான் உங்க நம்பரை எடுத்து எடுத்து, அழுத்தாமயே வெச்சுடறேன் பாய். இந்தப் பதினெட்டு நாள்ல ஒரு தடவைகூட அழுத்தல."

பாய் அடக்க முடியாமல் சிரித்தார். இருமல் வந்து, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தார்.

"ஏணி, கூடை, மாமியாரு, எல்லாத்தையும் நம்பறேனுங்ணா. இத மட்டும் நம்பச் சொல்லாதீங்க."

நானும் சிரித்துவிட்டுப் போனை வைத்தேன். அத்தனையும் பொய்தான். அவர் நம்பாத அந்த ஒன்று மட்டும் உண்மை.